சாய்ந்த தென்னை மரத்தை அப்புறப்படுத்தும் முறை

தென்னை சாய்ந்தால் காயும் ஓலையும் அன்றைக்கே வீடு சேர்ந்துவிடும். அடிமரம் மட்டும் மாதக்கணக்கில் தோப்பிலேயே கிடக்கும். 2018ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தபோது தஞ்சை, புதுக்கோட்டை, நாகை, திருவாரூர் மாவட்டங்களில் தோப்புத் தோப்பாகத் தென்னைகள் விழுந்தன. அவ்வாறு விழுந்த மரம் மட்கும்போது காண்டாமிருக வண்டு அதில் முட்டையிடும். அதில் வளர்ந்து வெளிவரும் வண்டுகள் நிற்கும் மரங்களின் குருத்தைத் துளைக்கும். எனவே மரத்தைக் காலத்தோடு அப்புறப்படுத்த வேண்டும்.

அறுக்கும் முன் வேர்ப்பகுதியைக் கவனியுங்கள். தண்டின் பாரம் நீங்கியதும் வேரோடு பெயர்ந்த அடிப்பகுதி மீண்டும் குழிக்குள் சாயக்கூடும். அக்குழியில் எவரும், குறிப்பாகச் சிறுவர்கள், நிற்கக் கூடாது.

அடுத்தது எடை. 30 செ.மீ. குறுக்களவும் 3 மீட்டர் நீளமும் உள்ள துண்டு சுமார் 0.21 கன மீட்டர் ஆகும். பச்சை மரத்தைக் கன மீட்டருக்கு ஒரு டன் எனக் கொண்டால் 210 கிலோ. நால்வர் தூக்கினாலும் தலைக்கு 50 கிலோவுக்கு மேல். ஒருவர் கால் இடறினால் மற்ற மூவர்மீதும் பாரம் இறங்கும். ஆகவே தூக்காதீர்கள், உருட்டுங்கள். விறகுக்குத்தான் என்றால் ஒரு மீட்டர் துண்டுகளாக அறுத்துவிடுவது நல்லது.

தனியாக வேலை செய்வோர் கடப்பாரையால் நெம்பி, சிறிது சிறிதாக உருட்டலாம். ஒவ்வொரு புரளலுக்கும் பின் கல்லால் அண்டை கொடுங்கள். சரிவான நிலத்தில் எப்போதும் மேட்டுப் பக்கமே நிற்க வேண்டும். துண்டின் அடியில் விரலை நுழைக்கக் கூடாது. தோப்புக்குப் போவதை வீட்டில் சொல்லிவிட்டுச் செல்லுங்கள்.

டிரெய்லரில் ஏற்றும்போதுதான் பலருக்கு அடிபடுகிறது. இதற்கு எளிய வழி உண்டு. சக்கரங்களுக்கு அண்டை கொடுத்து, பக்கக் கதவை இறக்கி, 3 மீட்டர் நீளமுள்ள இரண்டு உறுதியான சட்டங்களைச் சாய்த்து வையுங்கள். இரு கயிறுகளின் நுனிகளைச் சட்டங்களின் மேல்முனை அருகே டிரெய்லரில் கட்டி, துண்டின் அடியில் விட்டு மேலே சுற்றி, மறுநுனிகளை டிரெய்லரின் எதிர்ப்புறம் நிற்கும் இருவரிடம் கொடுங்கள். தளம் ஒரு மீட்டர் உயரமானால், சரிவு காரணமாக 210 கிலோ பாரம் 70 கிலோவாகும்; துண்டே கப்பி போல் உருள்வதால் அதிலும் பாதி, 35 கிலோ. ஆளுக்குச் சுமார் 18 கிலோ இழுத்தால் போதும். உராய்வுக்காகச் சற்றுக் கூடுதலாகலாம். ஒருவர் குரலுக்கே இருவரும் இழுக்க வேண்டும். (ஆளாளுக்கு யோசனை சொல்வதை மரம் ஏறிய பிறகு வைத்துக் கொள்ளலாம்!) சட்டங்களுக்கு இடையிலோ, துண்டின் கீழ்ப்புறத்திலோ ஒருவரும் இருக்கலாகாது.

டிராக்டரால் இழுப்பதானால், பின்னால் தாழ்வாக உள்ள இழுவைக் கொக்கியில் மட்டுமே சங்கிலியை மாட்டுங்கள். அச்சிலோ அதற்கு மேலோ கட்டினால், துண்டு எதிலேனும் சிக்கியவுடன் முன்சக்கரங்கள் எழும்பி, ஓட்டுநர் கிளட்சை மிதிக்கும் முன்பே வண்டி பின்புறமாகக் கவிழ்ந்துவிடும். சங்கிலி அறுந்தால் அதன் வீச்சு எட்டாத தொலைவில் மற்றவர்கள் நிற்க வேண்டும்.