வீட்டில் விழும் அடி

“கண்ணை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் உரித்துவிடுங்கள்” என்று சொல்லிப் பிள்ளையை வாத்தியாரிடம் ஒப்படைத்த தகப்பனார்கள் நமது நாட்டில் வெகுகாலம் இருந்தார்கள். அதைக் கொடுமையென்று அவர்கள் கருதவில்லை. பிள்ளையின் மேல் தமக்குள்ள அக்கறையென்றே கருதினார்கள். திண்ணைப் பள்ளிக்கூடங்களில் பிரம்பும் புளியம் விளாரும் போதாவென்று, பையனைக் கயிற்றில் தொங்கவிடும் கோதண்டம் என்ற தண்டனையும் இருந்தது. இன்று கோதண்டம் அகராதியில் மாத்திரம் இருக்கிறது. தமிழ்நாட்டுக் கல்வி விதிகளில் 51-வது விதி 2003-ஆம் ஆண்டில் திருத்தப்பட்டபொழுது பள்ளிகளில் பிரம்பும் விலக்கப்பட்டது. பிறகு 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தனது 17-வது பிரிவினால் தேகதண்டனையையும் மனத்தைப் புண்படுத்தும் துன்புறுத்தலையும் தேசம் முழுமைக்கும் தடுத்தது. ஆயினும் அந்தத் தடை பள்ளிக்கூட வாசலோடு நின்றுவிட்டது.

வீட்டின் நிலைமை வேறு. 1860-ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் இயற்றிய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 89-வது பிரிவு, பன்னிரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு அதன் நன்மையைக் கருதி நல்லெண்ணத்தோடு காப்பாளர் செய்யும் காரியத்தைச் சில வரம்புகளுக்கு உட்பட்டுக் குற்றமல்ல என்றது. இதையே கேடயமாகப் பிடித்து, பெற்றோரும் உபாத்தியாயர்களும் அடித்த அடிகள் நியாயப்படுத்தப்பட்டன. ஆங்கிலேயர் சட்டத்தை அகற்றிவிட்டோமென்ற பெருமையோடு 2024-ஆம் ஆண்டு ஜூலை முதல் தேதி அமுலுக்கு வந்த பாரதீய நியாய சம்ஹிதையில், அப்பிரிவு 27 என்ற புதிய இலக்கத்தோடு அப்படியே உட்கார்ந்திருக்கிறது. 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டத்தில் குழந்தையைக் கொடுமைப்படுத்துவோருக்குத் தண்டனை உண்டு என்பது வாஸ்தவமே. ஆனால் கன்னத்தில் விழும் அறையும், அடுப்பங்கரைக் கரண்டியால் விழும் அடியும் கொடுமையென்று யாருக்குத் தோன்றுகிறது?

தோன்றாததன் விளைவைக் கணக்கிட்டுப் பார்த்திருக்கிறார்கள். மத்திய சர்க்காரின் பெண்கள், குழந்தைகள் நல இலாகா 2007-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சி அறிக்கை, 13 மாகாணங்களில் பன்னிரண்டாயிரத்துக்கு மேற்பட்ட குழந்தைகளை நேரில் விசாரித்துத் தயாரிக்கப்பட்டது. மூவரில் இருவர் அடி உதைக்கு ஆளானவர்கள் என்று அது கூறிற்று. குடும்பத்துக்குள் அடிபட்டவர்களில் மிகப் பெரும்பாலோரை அடித்தவர்கள் பெற்ற தாயும் தந்தையுமே. இருட்டில் பதுங்கும் அந்நியனுக்குப் பயப்படும்படி குழந்தைகளுக்குச் சொல்லி வைக்கும் நமக்கு இது சங்கடமான செய்திதான்.

இதே வீடுகளில் வேறொரு அடியும் விழுகிறது. 2019 முதல் 2021 வரை நடந்த ஐந்தாவது தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 18 முதல் 49 வயது வரையுள்ள மணமான பெண்களில் நூற்றுக்கு 38 பேர் கணவனின் வன்முறையை அனுபவித்தவர்கள். தேசம் முழுவதற்கும் சராசரி 29 தான். கல்வியிலும் சுகாதாரத்திலும் முன்னணியில் நிற்பதாக நாம் மார்தட்டிக்கொள்ளும் மாகாணத்தின் கணக்கு இது! தேசம் முழுவதிலும் சில காரணங்களுக்காக மனைவியை அடிப்பது தகும் என்று ஒப்புக்கொண்டவர்கள் ஆண்களில் நூற்றுக்கு 44, பெண்களில் 45. அடி வாங்கும் இனம் அடிக்கும் இனத்தைக் காட்டிலும் ஒரு படி அதிகமாகவே அதை நியாயமென்கிறது. தன் தாய் தந்தையிடம் அடிபடுவதைக் கண்டு வளர்ந்த பெண், தன் கணவனிடமும் அடிபடுவது அதிகம் என்பதையும் இவ்வாய்வுகள் காட்டுகின்றன. அன்பு வைத்தவனுக்கு அடிக்கும் அதிகாரமும் உண்டு என்ற பாடம் ஐந்து வயதிலேயே கற்பிக்கப்பட்டுவிட்டால், இருபத்தைந்து வயதில் அதைச் சட்டம் வந்து மறக்கடிப்பது எளிதா? 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் நல்ல சட்டம். ஆனால் அது காயம் பட்ட பிறகு வருகிற வைத்தியம்.

வீதிக்கு வருவோம். 2023-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் திருநெல்வேலி ஜில்லா நாங்குநேரியில், தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த ஒரு மாணவனை அவன் வீட்டுக்குள் புகுந்து அரிவாளால் வெட்டியவர்கள் அவனோடு படித்த பையன்களே. இதை முன்னிட்டுச் சர்க்கார் நியமித்த ஓய்வு பெற்ற நீதிபதி சந்துரு அவர்களின் தனி நபர் குழு 2024-ஆம் ஆண்டு ஜூனில் அறிக்கை கொடுத்தது. ஜாதியைக் காட்டும் மணிக்கட்டுக் கயிறுகளைத் தடை செய்ய வேண்டுமென்பது அதிலுள்ள யோசனைகளில் ஒன்று. கயிறு போக வேண்டியதுதான். அந்தக் கயிற்றைக் கட்டிவிட்ட கை எந்த வீட்டில் இருக்கிறது என்றும் கேட்க வேண்டியிருக்கிறது. பிள்ளைகளை அடிக்காமல் வளர்த்தால் ஜாதிச் சண்டை நின்றுவிடும் என்று நாம் சொல்லவில்லை. நிலமும் கூலியும் அதிகாரமும் கலந்த வியாதி அது. ஆனால் பலசாலி மெலிந்தவனைக் கை நீட்டித் திருத்தலாம் என்ற எண்ணம் வீட்டுக்கு ஒன்று, தெருவுக்கு ஒன்று என்று இரண்டாகப் பிறப்பதில்லை.

“அடியாத மாடு படியாது” என்பார்கள். பிள்ளை மாடு அல்ல என்பதே போதிய பதில். அடிக்காமல் வளர்ப்பது மேனாட்டாரின் வழக்கம், நமக்கு ஒத்துவராது என்று வேறு சிலர் சொல்லுவார்கள். மேனாட்டார் அடித்தே வளர்த்தவர்கள். ஸ்வீடன் தேசத்தில் ஆரம்பப் பள்ளிகளிலிருந்து பிரம்பு ஒழிந்தது 1958-ஆம் ஆண்டில்தான். குழந்தைகளுக்குக் கதை எழுதிப் புகழ் பெற்ற அஸ்ட்ரிட் லிண்ட்கிரேன் அம்மையார் 1978-ஆம் ஆண்டு ஜெர்மனியில் சமாதானப் பரிசு பெற்றபொழுது ஒரு சம்பவத்தைக் கூறினார். பிள்ளையை அடிப்பதற்காக ஒரு தாய் அவனையே வெளியே அனுப்பி விளார் ஒன்று கொண்டுவரச் சொன்னாள். வெகுநேரங் கழித்து அவன் அழுதுகொண்டே வந்து, விளார் அகப்படவில்லை, இந்தக் கல்லை வேண்டுமானால் என்மேல் எறியுங்கள் என்று ஒரு கல்லை நீட்டினான். அம்மாவுக்கு என்னை வருத்தத்தான் வேண்டியிருக்கிறது, கல்லானால் என்ன, விளாரானால் என்ன என்பது அவன் அறிந்துகொண்ட அர்த்தம். தாய் அந்தக் கல்லைச் சமையலறைத் தட்டில் வைத்துக்கொண்டாள்.

மறு வருஷமே, 1979-இல், பெற்றோரும் குழந்தையை அடிக்கக் கூடாதென்று ஸ்வீடன் சட்டம் செய்தது. உலகத்தில் அதுவே முதல். அச்சட்டத்தில் தனியாக ஒரு தண்டனையும் விதிக்கப்படவில்லை என்பது நாம் கவனிக்கத் தக்கது. பெற்றோரைச் சிறையில் அடைப்பது அவர்கள் நோக்கமல்ல; அபிப்பிராயத்தை மாற்றுவதே நோக்கம். ஆகையால் சட்டத்தோடு பிரசாரமும் புறப்பட்டது. குழந்தையுள்ள வீடுகளுக்கெல்லாம் சிறு புத்தகம் அனுப்பினார்கள். குடியேறி வந்தவர்களுக்கு வேறு பாஷைகளிலும் அச்சிட்டார்கள். பால் விற்கும் அட்டைப் பெட்டிகளின்மேல் செய்தியைப் பதித்தார்கள். காலை ஆகாரத்தின்போது தாயும் தகப்பனும் குழந்தையும் ஒரே மேஜையில் அதைப் படிக்கும்படி ஆயிற்று. இன்று 60-க்கு மேற்பட்ட தேசங்கள் இவ்வழியில் சென்றிருக்கின்றன. நமது அண்டைத் தேசமான நேபாளம் 2018-ஆம் ஆண்டில் அவற்றுள் சேர்ந்தது. நாம் இன்னும் சேரவில்லை.

பணமில்லாத இடங்களில் இது நடக்குமா என்று கேட்போருக்குத் தென்னாப்பிரிக்காவிலிருந்து பதில் இருக்கிறது. அங்கே கிழக்கு கேப் மாகாணத்தில், வறுமையும் வன்முறையும் மிகுந்த 40 கிராமங்களிலும் குடியிருப்புகளிலும், 552 குடும்பங்களைக் கொண்டு ஒரு பரீட்சை செய்தார்கள். பாதி ஊர்களில், வளரிளம் பிள்ளையும் அதை வளர்ப்பவரும் பதினான்கு வாரம் ஒன்றாக உட்கார்ந்து பாடம் கேட்டார்கள். கற்பித்தவர்கள் பயிற்சி பெற்ற உள்ளூர்வாசிகள். கோபம் வரும்பொழுது என்ன செய்வது, பிள்ளையைப் புகழ்வது எப்படி, வீட்டு விதிகளைக் கலந்து பேசி ஏற்படுத்துவது எப்படி, மாதக் கடைசியில் பணம் தீர்ந்துபோகாமல் பார்த்துக்கொள்வது எப்படி என்பவை பாடங்கள். கைப்பணம் தீர்ந்த நாளில்தான் கை ஓங்குகிறது என்பதை அறிந்தவர்கள் வகுத்த திட்டம் என்று தெரிகிறது. சில மாதங்கள் கழித்து விசாரித்தபொழுது, அடிப்பது பெரிதும் குறைந்ததென்று வளர்த்தவர்கள் கூறினார்கள். பிள்ளைகளின் வாக்குமூலத்தில் அவ்வளவு குறைவு காணவில்லை! இதை மறைக்காமல் வெளியிட்ட ஆராய்ச்சியாளர்களைப் பாராட்ட வேண்டும். அடித்தவன் மறந்தாலும் பட்டவன் மறப்பதில்லை போலும். இருந்தாலும் இரு சாராரிடமும் போதைப் பழக்கம் குறைந்தது, குடும்பத்தின் வரவு செலவு சீர்பட்டது என்பவை அற்ப லாபங்கள் அல்ல.

இங்கே இதற்காகப் புதிய ஸ்தாபனம் எதுவும் வேண்டியதில்லை. கல்வி உரிமைச் சட்டப்படி சர்க்கார் பள்ளிகளிலும் சர்க்கார் உதவி பெறும் பள்ளிகளிலும் இருக்க வேண்டிய நிர்வாகக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்கள். அங்கன்வாடிக்குத் தாய்மார் வருகிறார்கள். மகளிர் சுய உதவிக் குழுக்கள் வாராவாரம் கூடிப் பணக் கணக்குப் பார்க்கின்றன. கூடுகிற கூட்டத்தில் அரைமணி நேரம் இந்த விஷயத்துக்கு ஒதுக்கினால் போதும். ஆபத்தில் குழந்தைகளுக்கு 1098, பெண்களுக்கு 181 என்ற தொலைபேசி எண்களைப் பள்ளிச் சுவரிலும், ரேஷன் கடையிலும், ஸ்வீடனைப் போல ஆவின் பால் உறையிலும் பெரிதாக அச்சிடலாம். தகப்பன்மார்களை வரவழைப்பதே கடினம். பகல் பதினோரு மணிக்குக் கூட்டம் வைத்துவிட்டு, ஆண்கள் வரவில்லையென்று குறிப்பேட்டில் எழுதிப் பயனில்லை. வேலையிலிருந்து திரும்புகிறவன் மதுக்கடைக்குப் போவதற்கு முன்னே, சாயங்காலம் ஆறு மணிக்கு அதை வைக்க வேண்டும்.