ஓர் உரிமட்டை, இரண்டு வேலை

கோவையில் மழை எவ்வளவு என்று கேட்டால் பெரும்பாலும் பீளமேட்டு விமான நிலையத்தின் கணக்கைத்தான் சொல்வார்கள். ஆண்டுக்குச் சுமார் 600 முதல் 700 மி.மீ. இதே மாவட்டத்தில், வால்பாறை அருகே உள்ள சின்னக்கல்லாறு 3,000 மி.மீ.க்கு மேல் நனைகிறது. தென்மேற்குப் பருவமழையை மலை வாங்கிக்கொள்ள, பாலக்காட்டுக் கணவாய் வழியாகச் சமவெளிக்கு வருவது பெரும்பாலும் காற்றுதான். அது மண்ணைக் காயவைத்துவிட்டுப் போகும். ஐப்பசி, கார்த்திகையில் பெய்வதை வைத்துக்கொண்டு தென்னந்தோப்பு சித்திரை வரை தாக்குப்பிடிக்க வேண்டும்.

பெய்த மழையெல்லாம் மண்ணுக்குள் போவதில்லை. 5 மி.மீ. பருமனுள்ள மழைத்துளி நொடிக்கு ஏறத்தாழ 9 மீட்டர் வேகத்தில் தரையில் மோதுகிறது. மணலும் வண்டலும் களியும் சேர்ந்த சிறு மண் உருண்டைகள் அந்த அடியில் சிதறுகின்றன. சிதறிய நுண்துகள்கள் துளைகளை அடைக்க, காய்ந்ததும் மேலே ஓடு கட்டிவிடும். நம் செம்மண் நிலங்களில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். அடுத்த மழை அந்த ஓட்டின் மேல் வழிந்தோடும்.

உருண்டைகள் உடையாமல் இருந்தால் கதையே வேறு. அவற்றுக்கு இடையிலுள்ள பெரிய துளைகள் மழையை உள்ளே இழுக்கும். உருண்டைக்குள் இருக்கும் நுண்துளைகள் அதை வேருக்காகப் பிடித்து வைக்கும். ஈரம் குறைகிறது என்ற புகாரில் பாதி, மண்ணின் கட்டமைப்பு குலைந்த புகார்தான்.

ஓலை, மட்டை போன்றவற்றை மண்ணின் மேல் பரப்பும் மூடாக்கு இங்கேதான் உதவுகிறது. துளியின் அடியைத் தான் வாங்கிக்கொள்கிறது. வெயிலையும் காற்றையும் தடுத்து, மண்ணை ஒட்டி ஈரக்காற்றை நிறுத்தி வைக்கிறது. கீழே மட்கும் பகுதியைத் தின்னும் பூஞ்சைகளின் இழைகளும் நுண்ணுயிர்களின் பசையும் துகள்களை மீண்டும் உருண்டையாகக் கட்டுகின்றன. மண்புழுக்கள் வழி குடைகின்றன. புழுக்கள் நிலத்தை மாற்றும் விதத்தைப் பற்றி டார்வின் 1881-லேயே தனிப் புத்தகம் எழுதினார்.

தென்னைக்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்லும் கணக்கு இது: மரத்தைச் சுற்றி 1.8 மீட்டர் ஆரமுள்ள வட்டப்பாத்தியில் 100 தேங்காய் உரிமட்டைகளையோ 15 காய்ந்த ஓலைகளையோ பரப்பலாம். அல்லது 10 செ.மீ. உயரத்துக்கு நார்க்கழிவு போடலாம். அந்தப் பாத்தியின் பரப்பு சுமார் 10 சதுர மீட்டர். எனவே 1 மி.மீ. ஆவியாவதைத் தடுத்தாலே மரத்துக்கு 10 லிட்டர் மிச்சம்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. பாத்தியின் மேல் பரப்பும்போது உரிமட்டையின் குவிந்த முதுகு மேலே இருக்க வேண்டும். குழியில் புதைக்கும்போது குழிந்த பக்கம் மேலே. மேலே கிடக்கும் மட்டையில் தண்ணீர் தேங்கினால் வெயில் குடித்துவிடும். அங்கே அதன் வேலை மறைப்பது. கீழே புதைந்த மட்டைக்கோ இறங்கிவரும் நீரை ஏந்திக்கொள்வதே வேலை. நாரும் அதனிடையே உள்ள துகளும் ஊறிப் பிடித்துவைக்கும் அந்த ஈரத்தை வேர்கள் தேடி வரும்.

கவனமும் வேண்டும். பச்சை நார்க்கழிவில் தழைச்சத்தின் ஒரு பங்குக்குக் கரிமம் நூறு பங்குக்கு மேல். அதை மண்ணில் கலந்துவிட்டால் நுண்ணுயிர்கள் மரத்துக்குரிய தழைச்சத்தைப் பிடுங்கிக்கொள்ளும். அதனால்தான் சிப்பிக் காளானை வளர்த்து மட்கவைத்த பிறகு கலக்கச் சொல்கிறார்கள். மட்கும் குவியல்களில் காண்டாமிருக வண்டு முட்டையிடும் என்பதால் அவ்வப்போது கிளறிப் பார்க்க வேண்டும். காய்ந்த மண்ணை மூடினால் சிறு தூறல் மூடாக்கிலேயே நின்றுவிடும். கார்த்திகை மழை ஓய்ந்து நிலம் நன்றாக நனைந்திருக்கும்போது பரப்புவதே சரி.

தென்னை ஒன்று ஆண்டுக்கு ஏறத்தாழ 12 ஓலைகளை உதிர்க்கிறது. தேவை 15 ஓலை. தோப்பு சுத்தமாக இருக்கட்டும் என்று கூட்டி எரிப்பவர், மரம் தனக்கென்று போட்ட மூடாக்கில் பெரும்பகுதியைச் சாம்பலாக்கிவிட்டு, கோடையில் இழந்த ஈரத்துக்கு ஈடாக ஆழ்துளைக் கிணற்றிலிருந்து மின்சாரம் செலவழித்துத் தண்ணீர் இறைக்கிறார்.