திண்ணையில் ஒரு பொம்மைப் பட்டறை

எங்கள் வீட்டு ஜன்னலில் ஒரு பெண் நெல் குத்திக்கொண்டிருக்கிறாள். உயரம் ஒரு சாண்தான். மரத்தால் ஆனவள். அவள் நிற்கும் பெட்டியின் பக்கவாட்டில் ஒரு கைப்பிடி இருக்கிறது. அதைச் சுற்றினால் உலக்கை மெல்ல மெல்ல மேலே ஏறும். உச்சிக்குப் போனதும் 'டொக்'கென்று உரலில் விழும். மின்சாரம் கிடையாது, பாட்டரி கிடையாது. கணியூரில் எங்கள் தெருப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகும்போது ஒரு தடவையும் திரும்பும்போது ஒரு தடவையும் அதைச் சுற்றாமல் போவதில்லை. பக்கத்து வீட்டு ஆத்தாவுக்கு மட்டும் அவளிடம் மனக்குறை. "ஏந் தம்பி, இத்தனை நாளாக் குத்தறாளே, ஒரு படி அரிசியாச்சும் தேறுச்சா?" என்று கேட்பார்.

தேறவில்லைதான். ஆனால் இப்படி ஒருத்தியை நீங்களும் செய்யலாம். பட்டறை என்றதும் பயந்துவிடாதீர்கள். மூன்றடி நீளம், இரண்டடி அகலத்தில் ஆடாத மேஜை ஒன்று. திண்ணை ஓரமோ ஜன்னல் ஓரமோ, வெளிச்சம் விழும் இடம். அவ்வளவுதான் இடம். மேஜை ஆடினால் மட்டும் எதுவும் நடக்காது. முதல் செலவை அதன் காலுக்குச் செய்யுங்கள்.

சாமான்களும் அதிகம் இல்லை. மேஜையில் பொருத்தும் சின்ன வைஸ், வளைத்து அறுக்க மெல்லிய பிளேடு போட்ட சிறு வில் ரம்பம், கையால் சுற்றும் ட்ரில், அரம் இரண்டு, மூலைமட்டம், உப்புத்தாள், மரப் பசை. ஆறு மில்லிமீட்டர் பிளைவுட் துண்டுகளைத் தச்சுப் பட்டறையில் கேட்டால் கொடுப்பார்கள். பொம்மை செதுக்க வெட்பாலை மரம் கிடைத்தால் அதிர்ஷ்டம். கன்னடத்துச் சென்னபட்டணத்தில் கடைசல் பொம்மைகள் செய்வது அந்த மரத்தில்தான். மெல்லிய அச்சுக்குப் பழைய சைக்கிள் சக்கரத்துக் கம்பியைப்போல வேறொன்று இல்லை. இரண்டு மில்லிமீட்டர் கனம், நேராக இருக்கும், எளிதில் வளையாது.

இனி விஷயத்துக்கு வருவோம். பொம்மையின் உயிர் பெட்டிக்குள் இருக்கும் ஒரு சக்கரத்தில் இருக்கிறது. அது ஒழுங்கான சக்கரம் அல்ல, கொஞ்சம் கோணல். ஐந்து சென்டிமீட்டர் விட்டத்தில் ஒரு வட்டம் அறுத்து, அச்சுத் துளையை நடுவில் போடாமல் ஒரு சென்டிமீட்டர் தள்ளிப் போடுங்கள். அதன்மேல் ஒரு குச்சியை நிறுத்தி அச்சைச் சுற்றினால், ஒவ்வொரு சுற்றுக்கும் குச்சி இரண்டு சென்டிமீட்டர் ஏறி இறங்கும். குச்சியின் அடியில் ஒரு வட்டத் தட்டை ஒட்டிச் சக்கரத்தைத் தட்டின் நடுவில் படாமல் ஓரத்தில் படும்படி வைத்தால் இன்னொரு வேடிக்கை: குச்சி ஏறி இறங்குவதோடு தானும் திரும்பும். மேலே ஒரு பட்சியை ஒட்டினால் அது எழும்பித் தலையைத் திருப்பிப் பார்க்கும்!

இந்தச் சக்கரத்துக்குப் பெயர் கேம். பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறவர்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. வட்ட நிட்டிங் மெஷினில் ஒவ்வோர் ஊசியும் எப்போது ஏறி நூலைப் பிடிக்க வேண்டும், எப்போது இறங்கிக் கண்ணியை இழுக்க வேண்டும் என்று தீர்மானிப்பது கேம்தான். நிட் கேம், டக் கேம், மிஸ் கேம் என்று மாற்றி மாற்றிப் போட்டால் துணியே மாறிவிடுகிறது. அங்கே பெரும்பாலும் கேம் அசையாமல் நிற்க, ஊசிகள் அதைச் சுற்றி வரும். நம் பெட்டியில் கேம் சுற்ற, குச்சி நிற்கும். வித்தியாசம் அவ்வளவே. ஊரெல்லாம் உடுத்தும் பனியனுக்கும் என் ஜன்னல் பெண்ணுக்கும் சூத்திரதாரி ஒருவன்தான்!

உலக்கைக்கு மட்டும் வட்டக் கேம் ஒத்துவராது. அது எவ்வளவு மெதுவாக ஏறுமோ அவ்வளவு மெதுவாக இறங்கும். நெல் குத்துகிறவள் தாலாட்டுகிறவளாகிவிடுவாள். நத்தையின் ஓட்டைப்போல் படிப்படியாக விரிந்து, ஓரிடத்தில் செங்குத்தாக வெட்டுப்பட்ட கேம் வேண்டும். உலக்கையின் அடி அந்த வெட்டில் விழும்போது வருவதுதான் 'டொக்'. (சத்தம் உரலிலிருந்து வருவதாக ஆத்தா நம்புகிறார், நான் மறுப்பதில்லை.)

இங்கே ஒரு கண்டம் உண்டு. நத்தைக் கேமைத் தலைகீழாகச் சுற்றினால் குச்சி அந்தச் செங்குத்தில் மோதி நின்றுவிடும். குழந்தைகளிடம் ஒரு கைப்பிடியைக் கொடுத்துப் பாருங்கள், பத்துப் பேரில் எட்டுப் பேர் தலைகீழாகத்தான் சுற்றுவார்கள்! என் முதல் பெண்ணின் இரண்டு கைகளும் அப்படித்தான் முறிந்தன. இரண்டாமவளுக்கு அச்சில் பல்சக்கரமும், அதில் விழுந்து தடுக்கும் சிறு நாக்கும் வைத்தேன். கிணற்று ராட்டினங்களில் பார்த்திருப்பீர்கள். ஒரு பக்கம்தான் சுற்ற விடும்.

இன்னும் சில. கேமில் அச்சு இறுக்கமாக இருக்கட்டும். பெட்டிச் சுவரில் தளர்வாக இருக்கட்டும். ஆறு மில்லிமீட்டர் அச்சுக்கு ஆறரை மில்லிமீட்டர் துளை. குச்சி நுழையும் வழி மெல்லிய பலகைத் துளையாக மட்டும் இருந்தால் குச்சி சாய்ந்து பிடித்துக்கொள்ளும். இரண்டு, மூன்று சென்டிமீட்டர் நீளத்துக்குக் குழாய்போல வழி கொடுங்கள். எண்ணெய் விடாதீர்கள், மரம் குடித்து ஊதிவிடும். மெழுகுவத்தியைத் தேய்த்தால் போதும். பிளைவுட் தூள் மூக்குக்கு ஆகாது. துணி கட்டிக்கொண்டு தேயுங்கள்.

இதெல்லாம் எனக்கு யார் சொல்லிக்கொடுத்தது? திருப்பூர்ப் பக்கம் முப்பது வருஷம் நிட்டிங் மெஷின் பார்த்துவிட்டு ஊரோடு வந்துவிட்ட ஃபிட்டர் ஒருவர். பழைய இரும்புக் கடையில் கழித்துப்போட்ட கேம்களைப் பொறுக்கி வந்து பொம்மை செய்வார். "இதை ஒரு நோட்டில் எழுதி வையுங்களேன், அண்ணா" என்று எத்தனையோ தரம் சொன்னேன். "எழுதிப் படிக்கிற வேலைங்களா இது? கையில வரோணுமுங்க" என்று சிரித்துவிடுவார்.

அவரைக் குறை சொல்வானேன்? நம் நாட்டுப் பழக்கமே அது. பதினோராம் நூற்றாண்டில் தாரா நகரத்துப் போஜராஜன் பெயரில் எழுந்த 'சமராங்கண சூத்ரதாரம்' என்ற சிற்ப நூலில் இயந்திரங்களுக்கென்றே ஓர் அத்தியாயம் இருக்கிறது. தானே ஆடும் பாவைகள் முதல் பறக்கும் மரப் பட்சி வரை அதில் பேச்சு வருகிறது. செய்முறையை முழுக்கச் சொல்லாமல் விட்டது அறியாமையால் அல்ல, ரகசியம் காப்பதற்காகவே என்று அந்த நூலே சொல்லிக்கொள்கிறது.

நம் கொங்கு நாட்டிலேயே ஒரு யானை இருந்தது. விஜயமங்கலத்துக்காரர் என்று சொல்லப்படும் கொங்குவேளிர் பாடிய பெருங்கதையின் நாயகன் உதயணனைப் பகையரசன் பிடித்தது, வயிற்றுக்குள் வீரர்களை ஒளித்துவைத்த இயந்திர யானையை அனுப்பித்தான். 1924-ல் உ.வே.சாமிநாதையர் அந்தக் காப்பியத்தை அச்சேற்றினார். முற்பகுதியும் பிற்பகுதியும் கிடைக்கவில்லை. கதை யானைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அப்படி ஒன்றைக் கற்பனை செய்யப் பொறிகளோடு பழகிய கண் வேண்டும் அல்லவா?

இன்னொரு யானையையும் கேளுங்கள். இன்றைய துருக்கியில் இருக்கும் தியார்பக்கரில் அல்-ஜஸரீ என்ற பொறியாளர் 1206-ல் ஒரு நூலை முடித்தார். அதில் ஒரு யானைக் கடிகாரம் வருகிறது. யானையின் வயிற்றில் தண்ணீர்த் தொட்டி. அதில் ஓட்டைக் கிண்ணம் ஒன்று மெதுவாக அமிழும். அரை மணிக்கு ஒருமுறை அது மூழ்கியதும் மேலே பட்சி கூவும், பாகன் யானையைத் தட்டுவான். அளவு, துளை, கயிறு எல்லாவற்றையும் அந்த மனிதர் படம் போட்டு எழுதிவைத்துவிட்டார். அதனால் எழுநூறு, எண்ணூறு வருஷம் கழித்தும் அவருடைய பொறிகளைத் திரும்பச் செய்ய முடிந்தது. துபாயில் வேலை பார்க்கும் நம்மவர்கள் அங்காடி ஒன்றில் அந்த யானையின் மாதிரியைப் பார்த்திருக்கக்கூடும். ஜப்பானிலும் இதே கதை. தேநீர்க் கிண்ணத்தை ஏந்தி விருந்தாளியிடம் நடந்துபோகும் பொம்மையின் உள்விவரத்தை ஹொசொகவா ஹன்ஸோ என்பவர் 1796-ல் படங்களோடு அச்சிட்டார். இருபதாம் நூற்றாண்டில் அந்தப் புத்தகத்தை வைத்துக்கொண்டே பொம்மையை மறுபடி நடக்க வைத்தார்கள்.

ஆகவே உங்கள் பட்டறைச் சாமான்களில் நான் சொல்லாமல் விட்ட ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: கட்டம் போட்ட நோட்டு ஒன்று. கேமை அறுக்கும் முன்பே அதன் உருவத்தை முழு அளவில் அதில் வரையுங்கள். உடைந்தால் எங்கே உடைந்தது என்றும் எழுதுங்கள். என் நோட்டில் முதல் பெண்ணின் கைகளுக்கு மட்டும் நான்கு பக்கம்!

ஃபிட்டர் அண்ணா போன வருஷம் காலமாகிவிட்டார். அவர் செய்த கவலைப் பெட்டி ஒன்றை அவர் வீட்டில் என்னிடம் கொடுத்தார்கள். கைப்பிடியைச் சுற்றினால் இரண்டு மாடுகள் சரிவில் இறங்கும். கிணற்றிலிருந்து சால் மேலே வரும். பிறகு மாடுகள் பின்வாங்கி ஏறும், சால் உள்ளே இறங்கும். அவர் கையில் அது ஓடியதை நானே பார்த்திருக்கிறேன். இப்போது மாடுகள் இறங்குகின்றன, ஏறுவதில்லை. உள்ளே மூன்று கேம்கள் இருக்கின்றன. நான்காவது ஒன்று இருந்த இடத்தில் பசைத் தடம் மட்டும் இருக்கிறது. அது வட்டமா, நத்தையா, எவ்வளவு உயரம் தூக்கியது என்று கேட்க ஆள் இல்லை. அட்டையில் இதுவரை பதினோரு உருவம் வெட்டிப் பார்த்துவிட்டேன். ஒன்பதாவதில் மாடுகள் பாதிச் சரிவு வரை ஏறி நின்றன. அந்த ஒன்பதாவதின் உருவத்தை நோட்டில் வரைந்து வைத்திருக்கிறேன். பன்னிரண்டாவதை அதிலிருந்துதான் வெட்டப் போகிறேன்.