யாருடைய வீரன்?

தை மாதத்தில் சம்பா அறுவடை முடிந்து களங்கள் ஓய்ந்தபின், நம் தஞ்சைத் தரணியின் கிராமங்களில் சடுகுடுப் பந்தயங்கள் நடைபெறுவதை நேயர்கள் அறிவார்கள். நாம் சிறுவராயிருந்த காலத்தில், வெண்ணாற்றின் இரு கரைகளிலுமுள்ள இரண்டு ஊர்களுக்குள் நடந்த ஒரு பந்தயத்தைப் பார்க்க நேரிட்டது. தென்கரைக் கட்சி தோற்கும் தறுவாயிலிருந்தது. அச்சமயத்தில் சேரியிலிருந்து வந்த ஒரு வாலிபன் மூச்சுப் பிடித்துச் சென்று, எதிர்க்கட்சியாரில் மூவரைத் தொட்டு, அவர்கள் பிடிக்கும் தப்பிக் கோட்டுக்கு மீண்டான். ‘நம்ம பிள்ளை, நம்ம பிள்ளை’ என்று ஊர் முழுவதும் ஆர்ப்பரித்தது. அவனைத் தோள்மீது தூக்கிக்கொண்டு கடைத்தெரு வரையில் ஊர்வலம் போயிற்று. தேநீர்க் கடை வாசலில் அவனை இறக்கிவிட்டார்கள். தூக்கி வந்தவர்கள் உள்ளே சென்று பெஞ்சியில் அமர்ந்தார்கள். அவன் வெளியே நின்று, தன் தெருவாருக்கென்று ஒதுக்கி வைத்திருந்த குவளையைத் தானே எடுத்துக்கொண்டான்.

வெற்றி பெற்றபொழுது அவன் ஊரின் பிள்ளை. தாகமெடுத்தபொழுது சேரியின் பிள்ளை. நம்மவன் என்று ஒருவனைக் கொண்டாடுகிறவர்கள் அவனுக்கு ஏதேனும் கடமைப்பட்டவர்களா, அல்லது கூச்சலிட்டதோடு அவர்கள் கணக்குத் தீர்ந்துவிடுகிறதா என்ற கேள்வி அன்று முதல் நம்மைத் தொடர்ந்து வருகிறது.

இக்கேள்வி மிகக் கூர்மையாக எழும் இடம் பணத்துக்காக நடைபெறும் குத்துச்சண்டை மேடையாகும். கிரிக்கெட்டில் பதினொருவர் சேர்ந்து ஆடுகிறார்கள், ஜயாபஜயங்கள் பங்காகிவிடுகின்றன. குத்துச்சண்டையிலோ ஒருவன் தனியே நிற்கிறான். மேலே சட்டையில்லை; அவன் நிறம் எல்லார் கண்ணுக்கும் தெரிகிறது. வாங்கும் அடியும் சிந்தும் இரத்தமும் அவனுடையவை. வெற்றியை மட்டும் ஒரு தேசமோ, ஒரு ஜாதியோ, ஒரு நிறமோ தன்னுடையதென்று எடுத்துக்கொள்கிறது.

மும்பையில் நடந்தது

நம் தேசத்திலேயே அண்மையில் நடந்த ஓர் உதாரணத்தை முதலில் பார்ப்போம். 2017-ஆம் ஆண்டு ஆகஸ்டு 5-ந் தேதி, மும்பை நகரில், ஹரியானாவைச் சேர்ந்த விஜேந்தர் சிங்கும் சீன தேசத்து ஜுல்பிகர் மைமைதியாலியும் மோதினார்கள். விஜேந்தர் 2008-ஆம் ஆண்டு பெய்ஜிங் ஒலிம்பிக் பந்தயத்தில் வெண்கலப் பதக்கம் பெற்று, 2015-இல் தொழில்முறைச் சண்டைக்கு வந்தவர். பந்தயம் நடந்த காலமோ, டோக்லாம் பீடபூமியில் இந்தியப் படையும் சீனப் படையும் எதிரெதிரே நின்றுகொண்டிருந்த காலம். டிக்கெட்டு விற்பவர்களுக்கு இதைவிட நல்ல விளம்பரம் கிடைக்குமா? சீனத்துச் சரக்கு நீடித்து உழைக்காதென்று விஜேந்தரே முன்னதாகப் பரிகாசம் செய்திருந்தார். அந்தச் ‘சரக்கு’ பத்துச் சுற்றுக்களும் தாக்குப்பிடித்தது. மத்தியஸ்தர்களின் தீர்ப்பில் சொற்பப் புள்ளிகள் வித்தியாசத்தில்தான் விஜேந்தர் ஜயித்தார்.

அதற்குமேல் நடந்ததுதான் கவனிக்கத்தக்கது. வெற்றிபெற்றவர் ஒலிபெருக்கியில், இந்தப் பட்டம் எனக்கு வேண்டாம், எல்லையில் சமாதானம் நிலவட்டும், பெல்ட்டை எதிராளியிடமே திருப்பிக் கொடுத்துவிடுகிறேன் என்ற கருத்துப்படப் பேசினார். பார்க்க வந்தவர்கள் ஒரு யுத்தத்தை எதிர்பார்த்து வந்தார்கள். சண்டையிட்டவரோ அதைப் பந்தயமாகவே முடித்துவைத்தார். பத்துச் சுற்று அடி வாங்கியவனுக்கு எதிராளியிடத்தில் உண்டாகும் மரியாதை, நாற்காலியில் அமர்ந்து கூச்சலிட்டவனுக்கு உண்டாவதில்லை போலும்!

நிறத்தின் பெயரால்

இந்த வியாதி புதிதன்று. அமெரிக்காவில், விடுதலையடைந்த அடிமைகளின் மகனாகப் பிறந்த ஜாக் ஜான்ஸன் என்ற கறுப்பர், 1908-ஆம் வருஷம் டிசம்பர் 26-ந் தேதி ஸிட்னி நகரில் டாமி பர்ன்ஸை வென்று உலகப் பட்டம் பெற்றார். வெள்ளையர்களுக்கு அது பொறுக்கவில்லை. ஓய்வு பெற்றுப் பண்ணை வேலை பார்த்துக்கொண்டிருந்த பழைய சாம்பியன் ஜிம் ஜெஃப்ரீஸை, வெள்ளை இனத்தின் மானத்தைக் காக்கும்படி வற்புறுத்தி இழுத்து வந்தார்கள். 1910-ஆம் வருஷம் ஜூலை 4-ந் தேதி, அமெரிக்க சுதந்திர தினத்தன்று, ரீனோ நகரில் பதினைந்தாவது சுற்றில் ஜான்ஸன் அவரைத் தோற்கடித்தார். அன்றிரவே பல பட்டணங்களில் கலகம் மூண்டு, சுமார் இருபது பேர் மாண்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் கறுப்பர்கள். மேடையிலே ஒருவன் நியாயமாய் ஜயித்ததற்கு, தெருவிலே அவன் நிறத்தவர் உயிர் கொடுத்தார்கள். 1912-இல் குத்துச்சண்டைப் படங்களை ஒரு ராஜ்யத்திலிருந்து மற்றொரு ராஜ்யத்துக்கு அனுப்பலாகாதென்று அமெரிக்கக் காங்கிரஸ் சட்டமே செய்தது.

நம்மை அப்போது ஆண்டுகொண்டிருந்தவர்களின் யோக்கியதை என்ன? 1911-இல் லண்டனில் ஜான்ஸனுக்கும் ஆங்கிலேயரான பில்லி வெல்ஸுக்கும் பந்தயம் ஏற்பாடாகியிருந்தது. உள்நாட்டு மந்திரியாயிருந்த வின்ஸ்டன் சர்ச்சில் அது சட்டவிரோதமென்று தடுத்துவிட்டார். வெள்ளையன் ஒருவன் தரையில் விழுவதைக் கண்டால், சாம்ராஜ்யத்திலுள்ள மற்ற நிறத்தவர்கள் மனத்தில் என்ன எண்ணம் முளைக்குமோ என்ற அச்சம் அன்று வெளிப்படையாகவே பேசப்பட்டது. பீரங்கியும் கப்பற்படையும் கொண்ட சாம்ராஜ்யம், இரண்டு கையுறைகளுக்குப் பயந்தது!

அதற்குமேல் ஒரு விதியும் ஏற்பட்டது. பிரிட்டிஷ் பட்டத்துக்குப் போட்டியிடுகிறவன் சட்டப்படி பிரிட்டிஷ் பிரஜையாயிருக்க வேண்டும். அவன் பெற்றோர் இருவரும் வெள்ளையராயிருக்கவும் வேண்டும். வக்கீல் தொழில் பழகியவர்கள் இவ்விதியைச் சற்று நிதானித்துப் படிக்க வேண்டும். காவிரிக்கரையில் கிஸ்தி கட்டிய குடியானவன் பிரிட்டிஷ் பிரஜை. நாகப்பட்டினத்தில் கப்பலேறி மலேயாவின் ரப்பர்த் தோட்டத்துக்குப் போன கூலியாளும் பிரிட்டிஷ் பிரஜை. வரிக்கும் உழைப்புக்கும் யுத்தத்துக்கும் அவர்கள் பிரஜைகள். பெல்ட்டுக்கு மட்டும் அல்லர். ஆப்பிரிக்கத் தந்தைக்கும் ஐரிஷ் தாய்க்கும் பிறந்த மான்செஸ்டர் வீரர் லென் ஜான்ஸன், தம் காலத்துச் சிறந்த வீரர்கள் பலரை வென்றும் இவ்விதியால் பட்டத்துக்குப் போட்டியிட முடியாமலே ஓய்ந்தார். 1948-இல் டிக் டர்பின் பட்டம் பெற்றபொழுதுதான் அந்தக் கதவு திறந்தது. அதற்கு முந்திய வருஷமே நாம் அந்தச் சாம்ராஜ்யத்தை விட்டு விலகிவிட்டோம்.

சென்னை மேடைகள்

நிற்க. பிறர் குற்றத்தைப் பேசுவது எளிது. நம் வீட்டைப் பார்ப்போம்.

வடசென்னையில் துறைமுகத் தொழிலாளரும் மீனவரும் கைவண்டி இழுப்பவரும் வெள்ளைக்காரச் சிப்பாய்களிடம் கண்ட இந்த வித்தையைத் தமதாக்கிக்கொண்டார்கள். சார்பட்டா பரம்பரை, இடியப்ப நாயக்கர் பரம்பரை என்று குருகுலங்கள் தோன்றின. நாற்பதுகளில் நாட் டெர்ரி என்ற ஆங்கிலோ இந்திய வீரரைக் கித்தேரி முத்து வென்ற வரலாறு அங்கே இன்றும் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படுகிறது. பெரியார் ஈ. வெ. ரா. அவரைத் ‘திராவிட வீரன்’ என்று பாராட்டியதாகவும் கூறுவர். 2021-இல் வெளியான பா. ரஞ்சித்தின் ‘சார்பட்டா பரம்பரை’ படத்தினால் இப்பெயர்கள் காவிரிக்கரை வரையில் வந்து சேர்ந்தன.

அடிமை தேசத்தில், ஆளுகிறவர் சாயலுள்ள ஒருவரை உழைப்பாளி ஒருவர் வீழ்த்தியபொழுது ஜனங்கள் பூரித்ததை நாம் குறைகூற மாட்டோம். வேறெங்கும் சமமாக நிற்க முடியாதவன், அந்தக் கயிறுகளுக்குள்ளே சமமாக நின்றான். ஆனால் ஒன்றை மறக்கலாகாது. ஆங்கிலோ இந்தியர் என்பவர் யார்? நம் அரசியல் சட்டத்தின் 366-ஆம் விதி, தந்தை வழியில் ஐரோப்பிய மூதாதையைக் கொண்டவராயினும், இம்மண்ணிலே பிறந்து இங்கேயே வாசஞ் செய்பவர் என்று அவரை வரையறுக்கிறது. அன்று வெள்ளையரின் பிரதிநிதியென்று நம்மவர் வெறுத்துக் கூவிய எதிராளியும் இம்மண்ணின் பிள்ளைதான். அவரை அந்நியராக்கியது சபையின் கூச்சலேயாகும்.

பரம்பரைகளின் சண்டை இதை இன்னும் தெளிவாக்குகிறது. அங்கே இரு பக்கமும் தமிழர். இரு பக்கமும் ஏழைகள். ஒரே பேட்டையில் வசிப்பவர்கள். நிறமும் தேசமும் பாஷையும் ஒன்று. ஆயினும் கட்சி கட்டுவதற்கு ஒரு பெயர் போதுமானதாயிருந்தது. ஆகையால் அபிமானம் இரத்தத்திலிருந்து வருவதென்ற வாதம் நிற்காது. நாம் ஒரு பக்கம் அமர்ந்தபிறகுதான் அந்தப் பக்கத்து இரத்தம் நம் இரத்தமாகிறது.

1980-இல் முகமது அலி சென்னைக்கு வந்து, நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸுடன் காட்சிப் பந்தயம் ஆடினார். திரண்டு வந்த ஜனங்களுக்கும் அவருக்கும் தேசத்தாலோ பாஷையாலோ என்ன சம்பந்தம்? வியட்நாம் யுத்தத்துக்குப் போக மாட்டேனென்று 1967-இல் மறுத்து, பட்டத்தை இழந்து, 1971-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் வழக்கு ஜயித்தவர் அவர். தேசத்துக்குத் துரோகி என்று சொந்த நாட்டில் பலரால் ஏசப்பட்டவரை, ராயபுரத்துக் கூலியாள் தன்னவர் என்று கண்டுகொண்டான். அபிமானத்துக்கு இதுவும் ஒரு வழி.

கணக்குத் தீர்க்கும் நாள்

தேசம் தன் வீரனைக் கொண்டாடிய பிறகு என்ன செய்கிறது என்பதற்கு ஜோ லூயிஸின் சரித்திரம் போதும். 1936-இல் ஜெர்மானியரான மாக்ஸ் ஷ்மெலிங்கிடம் தோற்ற அவர், 1938-ஆம் வருஷம் ஜூன் 22-ந் தேதி நியூயார்க்கில் சுமார் 70,000 ஜனங்கள் முன்னிலையில் முதற் சுற்றிலேயே, இரண்டு நிமிஷத்துக்குச் சற்றேறக்குறைய, அவரை வீழ்த்தினார். ஹிட்லரின் இனக்கொள்கைக்கு விழுந்த அடியென்று வெள்ளை அமெரிக்கரும் கொண்டாடினர். 1942-இல் லூயிஸ் இரண்டு பந்தயங்களின் வருமானத்தைக் கடற்படை, தரைப்படை நிவாரண நிதிகளுக்கு அளித்து, தாமும் படையில் சேர்ந்தார். கறுப்பரையும் வெள்ளையரையும் பிரித்து வைத்திருந்த படை அது! யுத்தம் முடிந்தபின் அவரைத் தேடி வந்தது வருமான வரி இலாகா. லட்சக்கணக்கான டாலர் வரிப்பாக்கியில் அவருடைய முதுமை கழிந்தது. 1981-இல் அவர் இறந்தபொழுது ஈமச் செலவுக்கு உதவியவர்களில் ஒருவர் யார் தெரியுமா? ஷ்மெலிங்! நாஜிகளின் வீரரென்று உலகம் ஏசிய அவர், அக்கட்சியில் சேராதவர். யூதரான தம் மானேஜரைக் கைவிட மறுத்தவர். 1938 நவம்பரில் இரண்டு யூதச் சிறுவர்களை ஒளித்துக் காத்தவர். ஜெயகோஷம் செய்தவர்கள் கலைந்துபோனபின், எதிராளிதான் கடனைத் தீர்க்க வந்தான்.

நம் ஜில்லாவுக்கு இதில் என்ன பாடம்? தஞ்சை தென்னாட்டின் நெற்களஞ்சியம் என்று நாம் பெருமை பேசாத மேடையில்லை. அந்த நெல்லை நட்டு அறுத்தவன் யார்? பிழை செய்த பண்ணையாளுக்குச் சாட்டையடியும் சாணிப்பாலும் தண்டனையாயிருந்த ஜில்லா இது. 1952-இல் பண்ணையாள் பாதுகாப்பு அவசரச் சட்டம் வந்தபிறகே அவன் கூலிக்கும் வேலைக்கும் சட்டத்தில் இடம் ஏற்பட்டது. அதற்குப் பதினாறு வருஷங்களுக்குப் பின்பும், 1968 டிசம்பர் 25-ந் தேதி, கூலித் தகராறு முற்றிக் கீழ்வெண்மணியில் 44 உயிர்கள் தீயில் மாண்டன. விளைச்சல் நம்முடையது என்று சொல்லிக்கொண்டு, விளைவித்தவனை நம்மவனல்லன் என்று தள்ளிய பழக்கமும், வெற்றியை எடுத்துக்கொண்டு வீரனைத் தேநீர்க் கடை வாசலில் இறக்கிவிட்ட பழக்கமும் ஒன்றேயல்லவா?

தேசாபிமானத்தை நாம் வெறுப்பவரல்லோம். தன்னவன் ஜயிக்கும்பொழுது மனம் பொங்காதவன் மனிதனேயல்லன். ஆனால் நம்மவன் என்ற சொல் ஒரு பிராமிசரி நோட்டு. அதில் கையெழுத்திட்டவன் பணங்கட்டும் நாளில் ஒளிந்துகொள்ளக் கூடாது. பந்தயத்தில் குரல் கொடுப்பவர்கள், அந்த வாலிபனுக்கு நல்ல ஆகாரமும் வைத்தியமும் உண்டா, டிக்கெட்டு வசூலில் அவன் பங்கு அவன் கைக்குச் சேர்ந்ததா, கண் மங்கிக் கை நடுங்கும் காலத்தில் அவனை யார் பார்ப்பார்கள் என்று விசாரிக்கவும் வேண்டும். எதிராளி நம் எல்லைக்குள் இருக்கும்வரையில் அவன் நம் விருந்தாளி என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

இவ்வருஷமும் தை பிறக்கும். அறுத்த வயலில் கோடு கிழிப்பார்கள். வென்றவனைத் தோளில் தூக்கும் அன்பர்களுக்கு நம் விண்ணப்பம் ஒன்றே: தேநீர்க் கடை வாசலில் அவனை இறக்கிவிடாதீர்கள், உள்ளே அழைத்துச் சென்று, உங்கள் பெஞ்சியில் உங்களருகே அமர்த்துங்கள்.