பழகிய முகமூடி, புதிய வீரர்

புதிதாக வரும் சூப்பர் ஹீரோ காமிக்ஸைப் புரட்டினால், நாயகர்கள் பலரும் எங்கோ பார்த்த முகமாகவே தெரிகிறார்கள். நகல் என்று ஒதுக்குவது எளிது. ஆனாலும், வாசகர்கள் அவர்களைத் தேடிப் படிப்பது ஏன்?

மரக்காணம் உப்பளங்களை ஒட்டி வளர்ந்த எனக்கு இதற்கான விடையைத் தந்தவர் இரும்புக்கை மாயாவி. 1972-ல் சிவகாசியில் தொடங்கிய முத்து காமிக்ஸின் முதல் நாயகர். பிரிட்டனின் ‘வேலியன்ட்’ வார இதழில் 1962-ல் தோன்றியவருக்கு நம்மவர்கள் சூட்டிய பெயர் அது. ‘மாயாவி’ என்ற சொல்லைப் பாட்டி கதைகளில் முன்பே கேட்டிருந்தோம். அதனால் அந்நியர் உறவினரானார்.

ஆனால், எங்களைக் கட்டிப்போட்டது அவருடைய குறைதான். உடலில் மின்சாரம் பாய்ந்தால்தான் அவர் மறைவார். அப்போதும் இரும்புக்கை வெளியே தெரியும். சிறிது நேரத்தில் உருவம் திரும்பிவிடும். மின் இணைப்பே இல்லாத வீட்டில் சிம்னி விளக்கொளியில் படித்த எங்களுக்கு, மின்சாரத்துக்காக அவர் தவிப்பது நன்றாகவே புரிந்தது.

பழகிய சாயல் கதைக்குள் நுழையும் வாசலைத் திறக்கிறது. விதிகள் முன்பே தெரிவதால், எங்கே மாறுகிறது என்று வாசகர் கவனிக்கத் தொடங்குகிறார். லயன் காமிக்ஸ் தமிழுக்குக் கொண்டுவந்த ‘ஸ்பைடர்’ குற்றவுலகின் அரசனாக ஆசைப்பட்டுத் தொடங்கியவன். அத்தொடரைப் பின்னர் எழுதியவர், சூப்பர்மேனை உருவாக்கிய இருவரில் ஒருவரான ஜெர்ரி சீகல். நல்லவனுக்கு இலக்கணம் வகுத்தவரே கெட்டவனாகத் தொடங்கியவனின் கதையையும் எழுதினார்.

சாயல் மட்டும் போதாது என்பதற்கும் சான்று உண்டு. 2004-ல் இந்திய ஸ்பைடர்மேன் வந்தார். பீட்டர் பார்க்கர் பவித்ர் பிரபாகர் ஆனார், வேட்டி கட்டினார், மும்பையில் தாவினார். கதையோ மாமாவின் மரணம்வரை மூலத்தின் தடத்திலேயே நடந்தது. நான்கு இதழ்களோடு அத்தொடர் முடிந்தது.

தமிழில் புதிய நாயகரைப் படைக்க விரும்பும் இளைஞர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான்: ஆற்றலை எங்கிருந்து வேண்டுமானாலும் எடுங்கள், பலவீனத்தை இந்த மண்ணிலிருந்து எடுங்கள். உப்பின் வெண்மையில் கூசிக் கூசி மங்கும் கண்கள் எங்கள் ஊரில் உண்டு. வடகிழக்குப் பருவமழையில் பாத்திகள் மூழ்கியதும் கூலியற்றுப் போகும் வீடுகள் உண்டு. அத்தகைய வீட்டிலிருந்து ஒரு வீரர் புறப்பட்டால், அவர் முகமூடி யாருடையதைப் போல இருந்தாலும், உப்பளத்துப் பிள்ளைகள் அவரைத் தங்களவராக அடையாளம் கண்டுகொள்வார்கள்.