மருந்து விலைக் குறைப்பு: திருவனந்தபுரம் காட்டும் வழி

பிற பண்டங்களை வாங்குவோர் விலையை ஒப்பிட்டுத் தெரிவு செய்கின்றனர். மருந்து அத்தகையதன்று. எம்மருந்து வேண்டும் என்பதை மருத்துவர் தீர்மானிக்கிறார். பணத்தை நோயாளி செலுத்துகிறார். நோயின் அவசரத்தில் பேரம் பேசவும் அவரால் இயலாது. ஆகவே, போட்டி ஒன்றே மருந்தின் விலையைக் குறைத்துவிடும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. அரசு தலையிட வேண்டியதன் காரணம் இதுவே.

சட்டத்தின் வழி

மத்திய அரசு 1970-இல் மருந்து விலைக் கட்டுப்பாட்டு ஆணையைப் பிறப்பித்தது. அதன் பின்னர் 1979, 1987, 1995, 2013 ஆகிய ஆண்டுகளில் புதிய ஆணைகள் வெளிவந்தன. 1997-இல் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் அமைக்கப்பட்டது. 1995-ஆம் ஆண்டு ஆணை உற்பத்திச் செலவைக் கணக்கிட்டு விலையை நிர்ணயித்தது. 2013-ஆம் ஆண்டு ஆணையோ சந்தை விலையையே அடிப்படையாகக் கொண்டது. சந்தையில் குறைந்தது ஒரு சதவீதப் பங்குள்ள தயாரிப்புகள் சில்லறை வணிகருக்கு விற்கப்படும் விலையின் சராசரியுடன் 16 சதவீதம் சேர்க்கப்படுகிறது. சராசரி 100 ரூபாயாயின் உச்சவரம்பு 116 ரூபாய் ஆகும். சந்தை விலையே மிகுதியாக இருப்பின், உச்சவரம்பும் உயர்ந்தே நிற்கும். பட்டியலில் இடம்பெறாத மருந்துகளின் விலையை ஆண்டுக்கு 10 சதவீதம் வரை உயர்த்தவும் இடமுண்டு. 2019-இல் இத்தகைய 42 புற்றுநோய் மருந்துகளின் வணிக இலாபத்துக்கு 30 சதவீத வரம்பு விதிக்கப்பட்டது.

கொள்முதலின் வழி

சட்டம் எட்டாத இடத்தில் மொத்தக் கொள்முதல் துணைநிற்கிறது. இதற்கு வழிகாட்டியது 1994-இல் தோன்றிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம். அதனை முன்மாதிரியாகக் கொண்டு, திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட கேரள மருத்துவப் பணிகள் கழகம் 2007-இல் நிறுவப்பட்டது. மாநிலத்தின் தேவை முழுவதையும் ஒருங்கே திரட்டி ஒப்பந்தப்புள்ளி கோரும்போது, தனித்தனி நோயாளிக்கு இல்லாத பேரவலிமை அரசுக்குக் கிடைக்கிறது. இக்கழகத்தின் காருண்யா மருந்தகங்கள், அச்சிட்ட விலையினும் குறைந்த விலைக்குப் பொதுமக்களுக்கு மருந்து விற்கின்றன.

2024 ஆகஸ்டு 29 அன்று மற்றோர் அடி எடுத்து வைக்கப்பட்டது. புற்றுநோய் மருந்துகள் 200-க்கும் மேற்பட்டவற்றை இலாபமின்றி விற்கும் திட்டம், மாவட்டத்திற்கு ஒன்றாக 14 காருண்யா மருந்தகங்களில் தொடங்கப்பட்டது. திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் உள்ள மருந்தகம் அவற்றுள் ஒன்று. மாதந்தோறும் மருந்து வாங்க வேண்டிய குடும்பத்திற்கு, சிகிச்சையைத் தொடர்வதா, இடையில் நிறுத்துவதா என்பதை நிர்ணயிப்பது பெரும்பாலும் இந்த விலை வேறுபாடேயாகும்.

நிறைவேற்றத்தில் கவனம்

விலை குறைந்தாலும் மருந்து இருப்பில் இல்லையெனில் நோயாளி மீண்டும் வெளிச்சந்தையையே நாட வேண்டியிருக்கும். தேவையை முன்கூட்டிக் கணித்தல், தரத்தைச் சோதித்தல், வழங்குவோருக்கு உரிய காலத்தில் பணம் செலுத்துதல் ஆகிய மூன்றும் இன்றியமையாதவை. பணம் தாமதமாகுமானால், அடுத்த ஒப்பந்தப்புள்ளியில் விலை உயரும். விலைக் குறைப்பு ஆணையில் தொடங்குகிறது. அது மக்களைச் சென்றடைவது மருந்துக் கிடங்கின் ஒழுங்கான நிர்வாகத்தினாலேயே ஆகும்.