ஷூவுக்குள் ஒளிந்திருக்கும் உயரம்!

சினிமாவில் கதாநாயகியைவிடக் கதாநாயகன் உயரமாக இருக்க வேண்டும். இது எழுதாத சட்டம்! நாயகி உயரமாக அமைந்துவிட்டால் என்ன செய்வது?

ஹாலிவுட்டில் 1942-ம் ஆண்டில் "காசாபிளாங்கா" படம் வெளிவந்தது. அதில் நாயகன் ஹம்ப்ரி போகார்ட். நாயகி இங்கிரிட் பெர்க்மன். நாயகி சற்று உயரமானவர். எனவே போகார்ட் தன் ஷூவில் உயரக் கட்டைகளைப் பொருத்திக்கொண்டு நடித்தார்.

1957-ம் ஆண்டில் வெளிவந்த "பாய் ஆன் எ டால்பின்" படத்தில் நடந்தது இன்னும் வேடிக்கை. நாயகன் ஆலன் லாட் உயரம் குறைந்தவர். அவருக்குச் சமமாகத் தெரிவதற்காக, நாயகி சோபியா லாரன் நடக்கும் இடத்தில் பள்ளம் வெட்டினார்கள்!

தெருவில் நடப்பவர் பள்ளம் வெட்ட முடியுமா? அவர் நம்புவது ஷூவைத்தான். அதற்குள் குதிகாலின் அடியில் ஒரு தக்கையை வைத்துக்கொள்கிறார். உயரம் கூடுகிறது. வெளியே எதுவும் தெரிவதில்லை.

ஆனால், அங்கேதான் ஆபத்தும் ஒளிந்திருக்கிறது.

கால் ஏன் பிசகுகிறது?

ஷூவின் பின்பக்கம் ஒரு கிண்ணம்போல் குதிகாலைப் பிடித்துக்கொள்கிறது. உள்ளே ஓர் அங்குலத் தக்கை வைத்தால், குதிகாலும் ஓர் அங்குலம் மேலே வந்துவிடும். பிடிப்பு அந்த அளவுக்குக் குறையும். நடக்கும்போது குதிகால் ஷூவை விட்டு நழுவும்.

இன்னொரு காரணமும் உண்டு. கணுக்கால் மூட்டில் உள்ள எலும்பு முன்பக்கம் அகலமாகவும், பின்பக்கம் குறுகலாகவும் இருக்கிறது. பாதம் தட்டையாக நிற்கும்போது, அகலமான பகுதி ஆப்பு அடித்ததுபோல் மூட்டில் இறுகி நிற்கும். குதிகால் உயர்ந்தால், குறுகிய பகுதி அந்த இடத்துக்கு வருகிறது. மூட்டு தளர்ந்துவிடுகிறது.

அந்த நேரத்தில் ஒரு சிறு கல் தடுக்கினால் போதும். பாதம் உள்பக்கமாக மடங்கும். கணுக்காலின் வெளிப்பக்கத்து நார் இழுபட்டு வீங்கும். சில வேளைகளில் அறுந்தும் போகலாம்.

எவ்வளவு வைக்கலாம்?

ஒரு கால் குட்டையாக இருப்பவர்களுக்கு டாக்டர்களும் இப்படித் தக்கை வைப்பது உண்டு. ஆனால், ஷூவுக்குள் பொதுவாக அரை அங்குலத்துக்கு மேல் வைப்பதில்லை. கூடுதல் உயரம் தேவைப்பட்டால், ஷூவின் அடிப்பாகத்தையே கனமாக்கச் சொல்வார்கள். அப்போது குதிகால் ஷூவுக்குள் பழைய ஆழத்திலேயே இருக்கும்.

உயரம் விரும்புகிறவர்களுக்கும் இதுவே நல்ல வழிகாட்டி.

எந்த ஷூ நல்லது?

கணுக்கால் மொட்டை மூடும் உயர ஷூதான் இதற்கு ஏற்றது. அமெரிக்காவில் 1917-ம் ஆண்டில் கூடைப்பந்து ஆட்டத்துக்காக வந்த கான்வெர்ஸ் "ஆல் ஸ்டார்" ஷூ இந்த வகையைச் சேர்ந்தது. குதிகால் அரை அங்குலம் உயர்ந்தாலும், அதைச் சுற்றி இன்னும் ஷூ இருக்கும். நாடாவை மேல் துளைவரை கோத்து இறுக்கிக் கட்ட வேண்டும். அவிழ்த்துவிட்டு நடந்தால், உயர ஷூவாலும் பயன் இல்லை.

பஞ்சுபோல் அமுங்கும் பொருள் வேண்டாம். மிதிக்கும்போது பாதம் ஆடும். அழுத்தமான தக்கையோ ரப்பரோ நல்லது. ஷூவுக்குள் ஏற்கெனவே இருக்கும் மெத்தையை எடுத்துவிட்டால் இடம் கிடைக்கும். இரண்டு ஷூவிலும் ஒரே அளவு வைப்பது முக்கியம். முதலில் வீட்டுக்குள் நடந்து பார்க்க வேண்டும். குதிகால் நழுவினால், உயரத்தைக் குறைக்க வேண்டும்.

ஓடும்போதும் விளையாடும்போதும் தக்கையைக் கழற்றிவிடுவதே நல்லது. தினமும் நாள் முழுவதும் அணிந்தால், ஆடுசதையும் குதிகால் தசைநாணும் இறுகிவிடும். பிறகு வெறுங்காலுடன் நடந்தால் வலிக்கும்.

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள். ஷூ விஷயத்தில், உயரம் தெரியாமலும் காலை விடக்கூடாது!